தூண்டிற்கோலிற் சுற்றிவரும் வளையங்கள்

கொல்லாமையையும் புலால் மறுத்தலையும் அறங்களாகப் போற்றும் இந்துக் கல்லூரி ஒன்றின் விழா மலரிலே தூண்டிற்கோலைப் பற்றிய கட்டுரைக்கு இடமுண்டோ என அன்பர் சிலர் வினவுதல் கூடும். வினா நேரியதே. ஆயினும் சூதின் கேட்டை எடுத்துரைக்க வந்த திருவள்ளுவரும் தூண்டிலை விழுங்கும் மீனையே உவமையாகக் காட்டினார் என்பதை அவர்கள் நினைவுகூர்வாராக. ஒரு கருவியை அறிதல் வேறு. அதனைக் கையாளுதல் வேறு. மீன் பிடிக்கும் வழியைக் கற்பிக்க நாம் இங்கு முன்வரவில்லை. உறுதிச் சமநிலை, உறுதியில் சமநிலை, நொதுமற் சமநிலை என்னும் மூன்றினையும் நாம் எல்லோரும் பௌதிகவியல் வகுப்பிலே மனனஞ் செய்தோம், பரீட்சையிற் புள்ளிகள் பெற்றோம், பின்னர் மறந்தோம். அவை ஒரு மெல்லிய கோலின்மேல் எவ்வாறு உயிர்பெற்று நிற்கின்றன என்பதைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காண்பார் ஐயுறும் காட்சி

ஐக்கிய அமெரிக்காவிலும் ஜப்பானிலும் அவுஸ்திரேலியாவிலும், கடையில் ஆயத்தமாக விற்கும் தூண்டிற்கோலை வாங்காது, வெறுங்கோலையும் பிடியையும் வளையங்களையும் தனித்தனியே வாங்கித் தம் கையாலே கட்டிக்கொள்வோர் பலர் உளர். பிறருக்கென அளவெடுத்துக் கட்டிக் கொடுத்தலைத் தொழிலாகக் கொண்டோரும் உளர். அவர்கள் கட்டிய சில கோல்களைக் காண்போர் முதலில் திடுக்குறுவர். கயிற்றைச் சுற்றிவைக்கும் றீல் கோலின் மேற்புறத்தே இருக்கின்றது. அதற்கு அடுத்த வளையமும் மேற்புறத்தே வானை நோக்கி நிற்கின்றது. இரண்டாம் வளையமோ சற்றே ஒருபக்கஞ் சாய்ந்துளது. மூன்றாவது மேலும் சாய்ந்து கீழ்நோக்குகின்றது. நான்காவது முற்றாகக் கோலின் கீழ்ப்புறத்தை அடைந்துவிட்டது. அதற்குப் பின் நுனிவரையுள்ளவை யாவும் கீழேயே தொங்குகின்றன. கொடி கொம்பைச் சுற்றுமாப்போலக் கயிறு கோலை அரைச்சுற்றுச் சுற்றிச் செல்கின்றது.

கட்டியவர் உறக்கக் கலக்கத்திற் கட்டினாரோ என எண்ணத் தோன்றும். உண்மை அதற்கு நேர்மாறானது. இக்கோலை மிகுந்த விழிப்போடு கட்டியிருக்கின்றார்கள். இதனைச் ‘சுருள் சுற்று’ எனலாம். ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் ‘ஸ்பைரல் ராப்’ என்றும், சிலவிடத்து ‘அசிட் ராப்’ என்றும் வழங்குவர். இதன் தோற்றத்தை அறிய விரும்புவோர், தூண்டிற்கோல் இதுகாறும் வளர்ந்து வந்த வழியைச் சற்றே பின்னோக்கிப் பார்த்தல் வேண்டும். ஒரு விடை பிறக்குமுன் அதற்குரிய வினா பிறந்திருக்க வேண்டுமன்றோ?

கோலும் கயிறும் வளர்ந்த கதை

ஆதியில் தூண்டிற்கோலுக்கு றீலும் இல்லை, வளையமும் இல்லை. கோலின் நுனியிலே கயிறு கட்டப்பட்டிருந்தது. 1496இல் இங்கிலாந்தின் வெஸ்ற்மின்ஸ்ரரில் விங்கின் டி வேட் என்பார் அச்சிட்ட தூண்டில் நூல், யூலியானா பேர்னேஸ் என்னும் பெருமாட்டியார் இயற்றியதெனப் பெயர்பெற்றது. அந்நூல் கூறும் கோலும் இத்தகையதே. குதிரைவால் மயிரைத் திரித்த கயிறு அதன் நுனியிற் கட்டுண்டிருந்தது. நமது தென்னிலங்கையிற் கொக்கலைக் கடற்கரையில், நட்ட கழியின்மேல் அமர்ந்து மீன்பிடிப்போர் ஏந்தும் கோலும் இவ்வினத்ததே. இத்தகைய கோலை எப்படித் திருப்பிப் பிடித்தாலும் ஒன்றே. கயிறு நுனியின் நடுவிலிருந்தே இழுக்கின்றது, கோல் வளைகின்றது, ஆனால் கைக்குள் உருள்வதில்லை.

சீன நாட்டிலே சொங் அரசர் காலத்து ஓவியர் மா யுவான் 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் வரைந்த படமொன்றில், தனித்த படகில் இருப்பவன் ஏந்திய கோலிற் கயிறு சுற்றும் உருளை ஒன்று காணப்படுகின்றது. இங்கிலாந்திலே தோமஸ் பாக்கர் 1651இல் வெளியிட்ட நூலில், கோலின் அடியில் பொருத்தும் சுருட்டி ஒன்று கூறப்படுகின்றது. கயிறு அடியிலிருந்து நுனிவரை ஓடவேண்டுமாயின், அதனைக் கோலோடு சேர்த்து நடத்திச் செல்ல வளையங்கள் வேண்டும். இங்ஙனம் வளையம் பிறந்தது. வளையம் பிறந்த அன்றே, ‘அது கோலின் எப்புறத்தில் இருத்தல் வேண்டும்?’ என்னும் வினாவும் உடன்பிறந்தது. ஆயினும் அவ்வினாவை நெடுங்காலம் எவரும் பொருட்படுத்திலர்.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவின் கென்ரக்கி மாநிலத்துப் பாரிஸ் என்னும் ஊரில் வாழ்ந்த கடிகாரத் தொழிலாளர் ஜோர்ஜ் ஸ்னைடர், பற்சில்லுகளின் உதவியாற் கைப்பிடி ஒருமுறை சுற்றக் கயிற்றுருளை பலமுறை சுற்றும் றீலைச் செய்தார். கடிகாரத்துட் பற்சில்லைப் பொருத்திய கைக்கு இது எளிதாயிற்று. மீக் சகோதரர் முதலியோர் அக்கலையைச் செம்மைப்படுத்தினர். இவ்வகை றீலில், தூண்டிலை வீசும்போது உருளை மிகுவிரைவாகச் சுழலும். அதனை அடக்காவிட்டாற் கயிறு சிக்குண்டு குருவிக்கூடாகிவிடும். அடக்கும் கருவி பெருவிரலே. பெருவிரல் உருளைமேற் படியவேண்டுமாயின் றீல் கோலின் மேற்புறத்தே இருத்தல் இன்றியமையாதது. றீல் மேலே இருந்தமையால் வளையங்களும் மேலே நிறுத்தப்பட்டன. இது காரணம் கண்டு செய்த முடிவன்று. கண்ணுக்கு நேராகத் தோன்றியதைக் கை செய்தது, அவ்வளவே.

மற்றைய இருவகைக் கோல்களுக்கு இவ்விடர் நேரவில்லை. செயற்கை ஈயை வீசிப் பிடிப்போரின் றீல் கோலின் கீழே தொங்குவது. வளையங்களும் கீழேயே உள்ளன. இங்கிலாந்தின் பிராட்போட் நகரில் ஆலை நடத்திய அல்பிரட் இலிங்வேத், நெசவாலைக் கதிரினின்று நூல் வழுவி வரும் வகையைக் கண்டு, உருளை சுழலாது கயிறு மட்டும் வழுவிச் செல்லும் றீலுக்கு 1905இல் ஆக்கவுரிமை பெற்றார். அவ்வகை றீலும் கோலின் கீழே தொங்குவது. அதன் வளையங்களும் கீழ்நோக்கியவை. எனவே, மேலமர்ந்த றீலையுடைய கோலுக்கே இவ்வினா எஞ்சியது.

அக்கோலைக் கொண்டே மனிதர் பெருங்கடல் மீன்களையும் எதிர்த்தனர். 1898இல் சாள்ஸ் பிரெடரிக் ஹோல்டர் என்பார் கலிபோர்ணியாவின் கற்றலீனாத் தீவருகே 183 இறாத்தல் எடையுள்ள சூரைமீனைக் கோலாலும் றீலாலும் பிடித்தார். அவ்வாண்டிலேயே அங்குச் சூரைமீன் கழகமும் நிறுவப்பட்டது. இத்துணை இழுவையின் கீழ்க் கோல் கைக்குள் உருளும் இடர் நன்கு புலப்பட்டது. கடல்மீன் பிடிப்போர் அதற்கு மாற்றொன்று கண்டனர். கோலின் அடியிற் சிலுவைபோல வெட்டு ஒன்று அமைத்து, இடுப்பு வாரிலோ நாற்காலியிலோ உள்ள குறுக்காணியில் அதனைப் பொருத்தினர். கோல் உருளாது தடுக்கப்பட்டது. நோயின் காரணம் நீங்கவில்லை. நோயாளியைக் கட்டிலோடு கட்டிவைத்தனர் என்க.

பழைய கோல்கள் மரத்தாலும், கீறியொட்டிய மூங்கிலாலும் ஆனவை. அவை தடித்தவை, பாரமானவை, வளையங்கள் தாழ்ந்தவை. ஆகையால் உருளும் நாட்டம் ஓரளவு மறைந்து கிடந்தது. 1938இல் நைலோன் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. நம்மவர் தங்கூசி என வழங்கும் இழை அதன் வழி வந்ததே. இரண்டாம் உலகப் போரை அடுத்துக் கண்ணாடிநார்க் கோல்கள் வந்தன. 1970களிற் காபன்நார்க் கோல்கள் வந்தன. கோல் ஈர்க்குப்போல மெலிந்தது. ஆனால் இழுக்கும் வலி கூடியது. மறைந்து கிடந்த நாட்டம் வெளிப்பட்டது.

அதே காலத்தில் வெறுங்கோலும் உறுப்புகளும் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தன. டேல் கிளெமென்ஸ் 1974இலும் 1978இலும் வெளியிட்ட கோல்கட்டும் கலைநூல்கள் போன்றவற்றைக் கற்றுப் பலர் தம் வீட்டு மேசையிலே கோல் கட்டலாயினர். ஆலையில் ஆயிரங் கோலை ஒரே மாதிரியாகக் கட்டுவோன் வழக்கத்தை மாற்ற அஞ்சுவான். ஒரு கோலைத் தனக்கெனக் கட்டுவோனுக்கு அவ்வச்சம் இல்லை. வளையம் இருக்கவேண்டிய இடம் எது என அவன் கேட்கலாம்; பிழைத்தால் நூலை அறுத்து மீண்டும் கட்டலாம். சுருள் சுற்று பரவுவதற்கு வேண்டிய நிலம் இதுவே.

கோல் ஏன் உருள்கின்றது?

இனி அக்கேள்வியின் உள்ளே புகுவோம். ஒரு கோல் வில்லாக வளைந்து, அதன் நுனி கீழ்நோக்கி இருப்பதாகக் கொள்க. வளையங்கள் மேற்புறத்தே, அதாவது வில்லின் வெளிவளைவிலே, நிற்கின்றன. கயிறோ இறுகி இழுபடுகின்றது. இறுகிய கயிறு எப்பொழுதும் மிகக் குறுகிய வழியையே நாடும். வெளிவளைவு நெடுவழி, உள்வளைவு குறுவழி. எனவே கயிறு வளையங்களை உள்வளைவுக்கு, அதாவது கோலின் கீழ்ப்புறத்துக்கு, இழுத்துச் செல்ல முயல்கின்றது. வளையங்கள் கோலோடு கட்டுண்டவையாதலால் கோலே உருள்கின்றது.

இதனைக் கணக்கிட்டுப் பார்ப்பது மாணவர்க்குப் பயன் தரும். ஒவ்வொரு வளையத்திலும் கயிறு சிறிதளவு திசை திரும்புகின்றது. அத்திருப்பத்தால் வளையத்தின்மேல் உண்டாகும் விசை, கயிற்றின் இழுவையைத் திரும்பிய கோணத்தாற் பெருக்கிய அளவினது. கோணத்தை ஆரையனில் அளத்தல் வேண்டும். அவ்விசை வளைவின் உட்புறத்தை நோக்கியது. அது கோலின் அச்சிலிருந்து வளையத்தின் உயரமளவு தள்ளித் தாக்குகின்றது. வளையங்கள் உச்சியிலிருந்து ஒரு கோணம் சாய்ந்திருப்பின், கோலை உருட்டும் திருப்பம் என்பது, இழுவை, வளைய உயரம், கயிறு திரும்பிய மொத்தக் கோணம், சாய்வுக் கோணத்தின் சைன் ஆகிய நான்கின் பெருக்கமாகும்.

இழுவை 50 நியூற்றன் எனக் கொள்வோம். ஏறத்தாழ 5 கிலோகிராம் நிறையைத் தூக்கும் விசை அது. வளையங்கள் எல்லாம் 15 மில்லிமீற்றர் உயரமெனவும், கயிறு மொத்தம் 90 பாகை திரும்புவதெனவும் கொள்வோம். 90 பாகை 1.57 ஆரையன். வளையங்கள் சரியாக உச்சியில் நிற்கும்போது சைன் சுழியாதலால் திருப்பமும் சுழியே. அஃது ஒரு சமநிலைதான். ஆயினும் கோல் 10 பாகை சாய்ந்த அளவில் ஏறத்தாழ 0.2 நியூற்றன் மீற்றர் திருப்பம் எழுகின்றது. அதுவும் சாய்ந்த பக்கமே மேலும் சாய்க்கின்றது. சாயச்சாயத் திருப்பமும் வளர்ந்து, வளையங்கள் பக்கவாட்டை அடையும்போது ஏறத்தாழ 1.2 நியூற்றன் மீற்றர் ஆகின்றது. 3 சதமமீற்றர் விட்டமுள்ள பிடியை இறுகப் பற்றி இதனை மறுப்பவன் கை, பிடியின் பரப்பில் ஏறத்தாழ 80 நியூற்றன் விசையைச் செலுத்தியாக வேண்டும். மீனை இழுக்கும் விசையிலும் கோலை உருளாது காக்கும் விசை மிகுந்துவிட்டது!

கூம்பை அதன் நுனியில் நிறுத்தினாற் போன்ற நிலை இதுவே: உறுதியில் சமநிலை. வளையங்கள் கீழ்ப்புறத்தே இருப்பின் கதை மாறுகின்றது. சாய்ந்தால் எழும் திருப்பம் சாய்வை நீக்கிப் பழைய நிலைக்கே கொண்டுவருகின்றது. கிண்ணத்தின் அடியில் கிடக்கும் குண்டுபோல் அஃது உறுதிச் சமநிலையில் உள்ளது. நுனியிற் கயிறு கட்டிய ஆதிக்கோலோ நொதுமற் சமநிலையது. வகுப்பிற் கற்ற மூன்றும் இங்கே வந்துவிட்டன.

இன்னுமொரு கேடும் உண்டு. மேல்வளையம் இரண்டுக்கிடையே கயிறு நேர்கோடாகச் செல்லும். கோலோ வில்லாக எழும். எனவே நாண் வில்லைத் தொடுமாப்போலக் கயிறு கோலில் உராயும். 20 சதமமீற்றர் இடைவெளியில் வளையங்கள் நிற்க, கோல் 50 சதமமீற்றர் ஆரையுடன் வளைந்தால், இடையில் கோல் நாணிலிருந்து 1 சதமமீற்றர் எழும். வளையம் அதனிலும் தாழ்ந்ததாயிற் கயிறு கோலின்மேற் கிடந்து தேயும். இதனைத் தவிர்க்க வளையங்களை உயர்த்தலாம்; உயர்த்தினால் உருட்டும் திருப்பம் கூடும். எண்ணிக்கையைக் கூட்டலாம், கூட்டினால் நுனி பாரமாகும். கீழ்வளையங்களில் இவ்விடரே இல்லை. கோல் வளையுந்தோறும் கயிறு கோலைவிட்டு விலகியே நிற்கும்.

இரண்டையும் இணைத்த தீர்வு

பெருவிரலின் பொருட்டு றீல் மேலே இருத்தல் வேண்டும். சமநிலையின் பொருட்டு வளையங்கள் கீழே இருத்தல் வேண்டும். இவ்விரு தேவைகளும் ஒன்றையொன்று மறுப்பனபோற் காணப்படுகின்றன. மேலிருந்து கீழுக்குக் கயிற்றைக் கோலின் பக்கமாக நடத்திச் செல்வதே அவற்றை ஒருங்கே நிறைவேற்றும் வழி. சுருள் சுற்றின் தோற்றம் இவ்வளவே. பெரிய கண்டுபிடிப்புகள் பல இவ்வண்ணமே சிறியவாய்த் தோன்றுவன.

‘அடியில் உள்ள வளையம் இன்னும் மேற்புறத்தில்தானே உள்ளது, அஃது உருட்டாதோ?’ என மாணவர் வினவுவர். உருட்டும், ஆயின் சிறிதே. கோல் அடியில் தடித்தது. அங்கே வளைவு குறைவு. நுனியை நோக்கி மெலிந்தது. அங்கே வளைவு மிகுதி. மேற்கூறிய 90 பாகையில் 15 பாகை மேல்வளையங்களிலும் 75 பாகை கீழ்வளையங்களிலும் திரும்புவதாகக் கொள்க. மேலுள்ளவை சாய்க்க முயல, கீழுள்ளவை நிமிர்த்த முயல, எஞ்சும் 60 பாகையின் திருப்பம் நிமிர்த்துவதாகவே அமையும். கீழ்வளையங்கள் திருப்பும் கோணம் மேல்வளையங்கள் திருப்பும் கோணத்தை மிஞ்சுமாயின், கோல் உறுதிச் சமநிலை எய்தும் என்பதே விதி.

பக்கமாகத் திரும்புவதாற் கயிற்றின் ஓட்டம் தடைப்படும் என்பது அடுத்த ஐயம். 60 சதமமீற்றர் நீளத்தில் ஏறத்தாழ 33 மில்லிமீற்றர் கீழிறங்குகின்ற கயிறு, 3 பாகையளவே திசை மாறுகின்றது. இறங்கத் தொடங்குமிடத்தும் முடியுமிடத்துமாக 6 பாகை. மீனை இழுக்கும்போது எந்தக் கோலிலும் 90 பாகை திரும்பும் கயிற்றுக்கு இஃது எம்மாத்திரம்? உராய்வுக் குணகம் 0.2 எனக் கொண்டால், இத்திருப்பத்தால் இழக்கப்படும் இழுவை நூற்றுக்கு இரண்டளவே.

பிழையாகக் கொண்ட காரணம்

கோல் கட்டுவோரிடையே நெடுங்காலம் நிலவிய கொள்கை ஒன்றையும் இங்குக் கூறவேண்டும். கண்ணாடிநார்த் துணியையோ காபன்நார்த் துணியையோ உருட்டிச் செய்த வெறுங்கோல் எல்லாப் பக்கத்தும் ஒரேயளவு விறைப்பாக இராது. துணி மேற்படியும் இடத்திலும், கோல் சிறிது வளைந்துள்ள இடத்திலும் வேறுபாடு உண்டு. வெறுங்கோலை நிலத்திலூன்றி வளைத்து உருட்டினால், அது ஒரு நிலையை நாடித் துள்ளி நிற்கும். அப்பக்கத்தை ‘முதுகு’ என்பர். கோல் கைக்குள் உருள்வதற்கு முதுகு பிறழ்ந்தமையே காரணம் எனவும், முதுகைக் கண்டு வளையத்தைக் கட்டினால் உருளாது எனவும் பலர் நம்பினர்.

நம்பிக்கை முற்றும் பொய்யன்று. முதுகு உண்டு, அது கோலை உருட்டவும் முயலும். ஆனால் இரு காரணங்கள் இருக்குமிடத்து எது பெரிது என அளந்து அறியாது சிறியதைப் பிடித்துக்கொள்வது அறிவியலிற் பெரும் பிழை. முதுகை எவ்வளவு துல்லியமாகக் கண்டு கட்டினாலும், மேல்வளையக் கோல் பாரத்தின்கீழ் உருளவே செய்யும். முதுகை எண்ணாது கட்டிய கீழ்வளையக் கோலோ நிலைத்து நிற்கும். வளையத்தின் இடமே முதற்காரணம்.

மாணவர் செய்து பார்க்க

இதனை நம் சொல்லுக்காக எவரும் ஏற்கவேண்டியதில்லை. ஒரு மீற்றர் நீளமுள்ள மெல்லிய பிரம்பொன்று, ஊக்குக் கம்பியை வளைத்துச் செய்த ஆறு வளையங்கள், நூல், ஒட்டுநாடா, 200 கிராம் அளவுள்ள கல் ஆகியவை போதும். வளையங்களை ஒன்றரைச் சதமமீற்றர் உயரமாகச் செய்து பிரம்பின் ஒரே பக்கத்தில் வரிசையாக ஒட்டுக. கடைசி வளையம் நுனியில் அமைதல் வேண்டும். நூலை அடியிற் கட்டி, வளையங்களூடே செலுத்தி, நுனியில் கல்லைத் தொங்கவிடுக.

முதலாவதாக, வளையங்கள் மேலே இருக்குமாறு அடியை விரல்களால் மெல்லப் பற்றுக. பிடியைத் தளர்த்திய அளவில் பிரம்பு உருண்டு வளையங்கள் கீழே செல்லக் காண்பீர். மெல்ல மீளவும் மேலே திருப்பின், குறித்த இடம் வரை கை எதிர்ப்பை உணரும். உச்சியைத் தாண்டியதும் பிரம்பு மறுபக்கமாகத் தானே விழும்.

இரண்டாவதாக, நூலை வளையங்களில் ஓட்டாது நுனியின் நடுவிலே கட்டிக் கல்லைத் தொங்கவிடுக. இப்பொழுது பிரம்பு உருளுமாயின், அது முதுகின் செயல். முன்னதனோடு ஒப்பிட்டு எது வலிதெனத் தீர்மானிக்க.

மூன்றாவதாக, அடிவளையத்தை மேலேயே விட்டு, இரண்டாவதை 60 பாகையிலும், மூன்றாவதை 120 பாகையிலும், ஏனையவற்றைக் கீழேயும் மாற்றி ஒட்டுக. நூலின் அடி மேலேயே கட்டுண்டிருக்கட்டும். பிடியைத் தளர்த்துக. பிரம்பு அடங்கி நிற்கும். சற்றே ஒருபக்கம் சாய்வதாயின், அது பக்கவளையங்கள் தரும் சிறு திருப்பத்தின் விளைவு. கண்டு காரணம் கூறுக.

கட்டும் முறையும் குறைகளும்

தொழில் முறையிற் கோல் கட்டுவோர், முதலில் வளையங்களைத் தற்காலிகமாக ஒட்டி, கயிறோட்டி, கோலைப் பாரத்தின்கீழ் வளைத்துப் பார்ப்பர். கயிறு எங்கும் கோலைத் தொடலாகாது. இறங்கும் வளையங்களைச் சிலர் மேற்கூறியவாறு படிப்படியாக வைப்பர். சிலர் முதல்வளையத்தை மேலும் அடுத்ததைக் கீழும் வைத்து, இடையிற் கயிறு கோலில் உராயாதிருக்கப் பக்கவாட்டில் சிறுவளையம் ஒன்றை மட்டும் சேர்ப்பர். இடம் துணிந்தபின் வளையத்தின் காலைக் கோலோடு சேர்த்து, மெல்லிய நூலை நெருக்கமாகச் சுற்றி, நூலின் முனையைத் தன் சுற்றுக்களின் கீழேயே இழுத்து மறைத்து, மேலே பசைநெய் பூசி, கோலைச் சுழலவிட்டு உலர்த்துவர். நூற்சுற்று ஒன்றன்மேல் ஒன்று ஏறாதிருத்தல் கைத்தேர்ச்சியின் அடையாளம்.

குறைகளையும் மறைத்தலாகாது. படகின் விளிம்பிற் கோலைச் சாத்துவோனுக்குக் கீழ்வளையங்கள் இடறும். கயிற்றைப் பரப்பிச் சுற்றும் பொறி இல்லாத றீலாயின், முதல்வளையம் இருக்கும் இடத்தைப் பொறுத்துக் கயிறு உருளையின் ஒருபக்கமே குவியக்கூடும். அதற்காக முதல்வளையத்தைச் சற்றே நகர்த்திக் கட்டவேண்டும். சிறுமீன் பிடிக்கும் இலேசான கோலில் இழுவை சிறிதாதலால் நன்மையும் சிறிதே. ஆழ்கடலில் பாரமான உலோகத் தூண்டிலை மேலுங்கீழும் துள்ளவைத்துப் பெருமீன் பிடிக்கும் முறையிலோ, பயன் மிகப் பெரிது. கை தளர்ந்த முதியோருக்கும், மணிக்கட்டில் நோவுள்ளோருக்கும், இறுகப் பற்றவேண்டாத கோல் ஒரு வரமே.

முடிவுரை

இத்துணை நன்மை இருந்தும், கடைகளில் விற்கும் மேல்றீற் கோல்களிற் பெரும்பாலானவை இன்றும் மேல்வளையங்களையே உடையன. வாங்குவோர் கண் பழகிய வடிவத்தையே நாடும். விற்போர் வாங்குவோரின் கண்ணையே நாடுவர். கோணலாகத் தோன்றுவது நேர். நேராகத் தோன்றுவது கோணல் என்பதை ஒரு கோலைக் கையிற் கொடுத்து இழுத்துக் காட்டினாலன்றிப் பலர் நம்புவதில்லை.

நாம் கற்ற பாடங்களுள் எவை நம்மோடு நிலைத்தன என எண்ணிப் பார்க்கும் காலம் விழாக்காலம். சமநிலையின் இலக்கணத்தை ஒப்புவித்து நாம் புள்ளி பெற்றோம். அவ்விலக்கணத்தை ஒருநாளும் படித்திராத கைவினைஞர் பலர், கோல் தம் கைக்குள் உருண்டபோது ‘ஏன்?’ என்று கேட்டு, வளையத்தை அவிழ்த்து வேறிடத்தில் கட்டிப் பார்த்து, அதே உண்மையை அடைந்தனர். நம் ஆய்கூடத்தில் இன்று கற்கும் இளவல்கள் இருவழியையும் ஒருங்கே உடையவர்களாதல் வேண்டும் என்பதே நம் விருப்பம். அதற்கு ஒரு பிரம்பும் ஆறு கம்பி வளையங்களும் ஒரு கல்லும் போதும். மீன் ஒன்றும் வேண்டியதில்லை.